கன்னியா மலையில் ஒரு முற்பகல்

கன்னியா என்னும் இந்த மலையடிக் கிராமத்துக்கு, வெந்நீர்க் கிணறுகளையும் மலைமேல் கிடக்கும் பழைய கோயிற் கற்களையும் பார்க்க வந்திருக்கிறேன். திருகோணமலையில் யப்பான்காரரின் குண்டுகள் விழுந்து ஒரு மாதம் ஆகிறது.

கிணற்றடியில் குருக்கள் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைக்கிறார். குண்டு விழுந்த அன்று துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத தன் தம்பிக்கு, முப்பத்தோராம் நாள் ஈமக்கிரியையான அந்தியேட்டியைச் செய்ய, உப்புவெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். தம்பியின் மனைவி மட்டும் அங்கே நிற்காமல் எனக்கு முன்னால் மலையேறுகிறாள். உச்சியில் இடிந்த தூணொன்றைப் பிடித்தபடி தூரத்துக் கடலைப் பார்க்கிறாள்.

"இஞ்சயிருந்து துறைமுகம் தெரியுமோ?" என்று கேட்கிறேன்.

"வடிவாத் தெரியேல்லை. அவருக்கு எண்ணெய் நிரப்பி வைக்கிற தாங்கியடியில வேலை. உடம்பைக் கண்டனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. பிறகெப்பிடித் தாலியைக் கழட்டுறது? என்னால ஏலாது."

கீழே இறங்கியதும் கணவனின் அண்ணனிடமும் அதையே சொல்கிறாள். அவர் குருக்களிடம், "இண்டைக்கு வேண்டாம்" என்கிறார். ஒரு வாளி வெந்நீர் அள்ளி வந்து அவளருகில் வைக்கிறார்.

"முகத்தைக் கழுவு, பிள்ளை. நாளைக்கு ரெண்டு பேருமாய்ப் போய் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாய் விசாரிப்பம்."