தளிக்கு இரண்டாவது தடவை போன செலவு

2019 ஜூலை 9, செவ்வாய், காலை பத்து இருபது. கர்நாடக எல்லையை ஒட்டிய தளியில் தூறல், குளிர் வேறு.

நான் அப்போது கிருஷ்ணகிரியில் நன்னடத்தை அலுவலர். குற்றம் உறுதியான பிறகு, தண்டனை சொல்வதற்கு முன், சில வழக்குகளில் நீதிபதி எங்களிடம் அறிக்கை கேட்பார். ஆள் எப்படி, ஊரில் என்ன பேர் என்று நேரில் விசாரித்து எழுத வேண்டும். திருப்தியாக இருந்தால் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். இல்லையென்றால் ஜெயில்.

இந்த வழக்கில் ஆள் நாகேஷ், இருபத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. காப்பர் ஒயர் எடுத்து மாட்டிக்கொண்டான். முதல் குற்றம்.

கோர்ட் விஷயத்தை அக்கம்பக்கத்தில் உடைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் தளியைத் தாண்டி அவன் ஊருக்குப் பையும் ஃபைலுமாகப் போய், நாகேஷ் வீடு எது, ஆள் எப்படி என்று மட்டும் கேட்டேன். கேட்ட ஏழு வீட்டிலும் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்த முனியம்மா என்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிலையான இருப்பிடம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், பையன் உள்ளே போய்விடுவான்.

பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைக்காரர் கேட்டார்: "எந்த பைனான்ஸ் சார் நீங்க? போன வாரம் வந்தவங்க பைக்ல வந்தாங்க. நீங்க பாவம், பஸ்லயே வர்றீங்க."

குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்கள் கேட்கும் அதே கேள்வியைத்தான் நான் வாசல் வாசலாகக் கேட்டிருக்கிறேன். காப்பாற்றுவதாக நினைத்து ஊரே சேர்ந்து அவனை ஜெயிலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான், ஏறிவிட்டேன்.

மறுநாள் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு விசிட்டுக்குத்தான் பயணப்படி. விசாரிச்சதுல யாருக்கும் தெரியலைன்னு எழுதிடுங்க. பொய் ஒண்ணும் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். நாகேஷிடம் நம்பர் வாங்கி அவன் அம்மாவை பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லி அவரோடு நடந்தேன். நான் கடன் வசூலுக்கு வந்தவன் இல்லை, மகனின் காப்பர் கேஸுக்காக வந்தவன் என்று அவர் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொன்னதும் முனியம்மா கொத்தமல்லிக் கட்டைக் கீழே வைத்தார்.

"மொதல்லயே சொல்றதில்லையா சார்? எங்க தோட்டத்து மோட்டார் ரூம் சாவி அவன்கிட்டதான் இருக்குது."

"காப்பர் கேஸ்னு தெரிஞ்சுமா?"

"தெரியும். சாவிய நான் திருப்பிக் கேக்கல."

மோட்டாருக்குள் இருப்பதும் காப்பர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். நாகேஷ் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அறிக்கையில் இரண்டு விசிட்டையும் தேதியோடு காட்டியிருந்தேன். அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவதுக்கு அனுமதி இல்ல, சரி. முதல் விசிட்ல ஒண்ணும் கிடைக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப அது வீண் செலவுதானே சார்?"

முதல் தடவைக்குக் கொடுத்த படியையும் சம்பளத்தில் பிடித்தார்கள். பையனை ஓராண்டு உள்ளே வைத்துச் சோறு போட்டிருந்தால் அரசுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர் தெரியாது என்றால், நம்மை யாரென்று நினைத்து அப்படிச் சொல்கிறது என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பஸ், ஷேர் ஆட்டோ, போக வர நூற்றெழுபது. இரண்டு தடவைக்கும் சேர்த்து என் கையை விட்டுப் போனது முந்நூற்று நாற்பது ரூபாய்.