வெள்ளி பெயிண்ட் பூசிய ஜிங்க் கட்டி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போயிருந்தபோது, மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் அடியில் புகுந்து பார்த்தீர்கள். அங்கே படகைத் தள்ளுகிற காத்தாடிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டி இருந்தது. "யாரோ கடிச்சுத் துப்பின மாதிரி இருக்குதேப்பா, இது இன்னா" என்று கேட்டீர்கள். அப்புறம் சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். பேசும்போது எனக்கு முன்னுக்குப் பின் வந்துவிடும் என்பதால் எழுதியே தருகிறேன். நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து முழுக்கத் தறிச் சத்தம், ஆனால் நாங்கள் தறிக்காரர்கள் இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, பித்தளைப் பட்டறை வைத்திருந்தார். குத்துவிளக்குக்கும் கோயில் மணிக்கும் பாலீஷ் போடுவது, ஓட்டை அடைப்பது, கோணலை நிமிர்த்துவது எல்லாம் செய்வார். பித்தளை தெரிந்த கை என்று யாரோ சொல்லிவிட, கடலோரக் குப்பத்திலிருந்து படகுக் காத்தாடிகளும் அவரிடம் வர ஆரம்பித்தன. தண்ணீருக்கு அடியில் சுழன்று படகைத் தள்ளுகிற மூன்று இதழ் காத்தாடி. கோயில் விளக்குக்குப் பக்கத்தில் அதையும் சாய்த்து வைத்திருப்பார்.

காத்தாடி எத்தனை வருஷம் வரும் என்று படகுக்காரர்கள் எல்லாருமே கேட்பார்கள். மாமாவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்.

"ஜிங்க்க மட்டும் கரையக் கரைய மாத்திக்கினே இருங்க. இது உங்க பேரன் கல்யாணம் வரைக்கும் வரும்."

ஜிங்க் என்றால் துத்தநாகம். மாமாவே உருக்கி, முழங்கைத் தடிமனுக்குக் கட்டியாக வார்ப்பார். உப்புத் தண்ணீர் சும்மா இருக்காது, எந்த உலோகத்தையாவது தின்றுகொண்டே இருக்கும். பக்கத்தில் ஜிங்க் இருந்தால் அதைத்தான் முதலில் தின்னும், பித்தளையை விட்டுவிடும். அதற்காகவே அந்தக் கட்டியை அங்கே மாட்டுகிறார்கள். இன்றைக்கு இதை உங்களுக்கு இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டி அசிங்கமாக இருக்கிறது என்பதுதான். பட்டறையில் எல்லாம் பளபளவென்று இருக்கும்போது ஜிங்க் மட்டும் குளிக்காத பிள்ளை மாதிரி மூலையில் கிடக்கும். அது மே மாத விடுமுறை. வாசல் கம்பிக் கதவுக்கு அடித்தது போக டப்பாவில் வெள்ளி நிறப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதிதாக வார்த்த கட்டிகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் மூன்று கோட் அடித்து, காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். மாமா பிரித்துப் பார்க்கும்போது மெச்சிக்கொள்வார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். மாமாவின் பழைய வாடிக்கை. தோளில் சாக்கு, சாக்குக்குள் காத்தாடி. வைகாசித் திருவிழாவுக்குக் கோயில் விளக்குகளைத் துலக்க மாமா போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும் இருந்தேன்.

அவர் காத்தாடியை இறக்கி வைத்து, ஒரு இதழின் ஓரத்தைக் காட்டினார். மஞ்சள் பித்தளைக்கு நடுவே அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அவருடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததில் போன வருஷம் ஜிங்க் மாற்றாமல் விட்டுவிட்டாராம். பழைய கட்டி கரைந்து கொட்டைப்பாக்கு அளவுக்குத்தான் இருந்ததாம். நாளை விடியற்காலை தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போக வேண்டும். அவர், அவர் தம்பி, கல்லூரியில் சேரப்போகிற அவர் மகன் மூவரும் போகிறார்கள்.

"இந்த செவப்பு இன்னான்னு தெரியல தம்பி. மேஸ்திரி எப்ப வருவாரு?"

சாயங்காலம் ஆகும் என்றேன். அவர் முகம் வாடியது. அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது.

எங்கள் சந்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஒரு விஷயம் தெரியும். ஜரிகை அசலா போலியா என்று பார்க்க, அதை நகத்தால் சுரண்ட வேண்டும். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் புடவை வாங்க வருகிறவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை சுரண்டிக் காட்டுவார். நானும் ஒரு ஆணியை எடுத்து அந்த இதழைச் சுரண்டினேன். உள்ளேயும் நல்ல சிவப்பு.

"உள்ள செவப்பு தெரிஞ்சா அசல்ணா. கவலப்படாதீங்க," என்றேன்.

பெரிய மனிதர் ஒரு பையன் சொல்வதை நம்புவாரா என்று நீங்கள் கேட்கலாம். நம்ப வேண்டும் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. காஞ்சிபுரத்துக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் தலையைத் தடவினார். புது ஜிங்க் ஒன்று கேட்டார். நான் செய்தித்தாளில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கோயில் வேலை சீக்கிரம் முடிந்து, மாமா பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டார். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கையோடு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செவப்பா? எந்த எடத்துல?"

ஓரத்தில் என்றேன். மாமா எழுந்து கை கழுவினார். என்னைத் திட்டவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, அது பித்தளைக்குள் இருக்கிற துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டு வெறும் செம்பை மிச்சம் வைத்த இடம், வலுவில்லாத இடம், நடுக்கடலில் இதழ் உடைந்தால் மூன்று பேரும் அலையோடு போவார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். குப்பத்தில் ஒரு கடையில் போன் இருந்தது. அந்த நம்பர் மாமாவிடம் இல்லை. காத்தாடியை அடையாளம் காட்ட நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டார். அதற்கு நான் எதற்கு என்று அப்போதே தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

செங்கல்பட்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. காத்தாடி விஷயத்தில் நான் தப்பு செய்துவிட்டாலும், ஜிங்க்குக்கு மூன்று கோட் பெயிண்ட் அடித்திருக்கிறேனே. அதைப் பார்த்தால் மாமா கோபம் கொஞ்சம் ஆறும் என்று நம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகத்துவாரத்தில் அவருடைய படகு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. படகுக்காரர் கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். காத்தாடி சாக்கின் மேலேயே இருந்தது, இன்னும் மாட்டவில்லை. மாமா அதைப் பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

படகுக்காரர் கையில் என் ஜிங்க். கத்தியால் ஒரு பக்கம் சுரண்டியிருந்தார்.

"வா மேஸ்திரி. உன்னத் தேடித்தான் நாளைக்கு வரலாம்னு இருந்தேன். ஜிங்க்குக்கு எவனாவது பெயிண்ட் அடிப்பானா? பெயிண்ட் அடிச்சா கடல் இத எப்படித் தொடும்? இதுகூடத் தெரியாத பட்டறையில போயி செவப்பப் பத்திக் கேட்டனேன்னு சந்தேகம் வந்துடுச்சு. அதான் மாட்டாம வச்சிருக்குறேன்."

மாமா மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தார். நகக் கண்ணில் வெள்ளிப் பெயிண்ட் இரண்டு நாளாகியும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான்தான்ணா அடிச்சேன்," என்றார் மாமா. "கதவுக்கு அடிச்சிக்கினு இருந்தேன். ஏதோ நெனப்புல இதுக்கும் அடிச்சிட்டேன்."

படகுக்காரர் சிரித்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். மேஸ்திரிக்குக் கல்யாணம் ஆகாமலே மறதி வந்துவிட்டது, இனி நங்கூரத்துக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார் என்றார்கள். மாமாவும் கூடவே சிரித்தார். பிறகு ஸ்பானரால் இதழ்களைத் தட்டிக் காட்டினார். இரண்டு இதழ்கள் மணி மாதிரி ஒலித்தன. மூன்றாவது தொப்பென்றது. அதன் ஓரத்தில் சுத்தியலால் ஒரே அடி. டீக்கடைப் பொறை உடைகிற மாதிரி ஒரு துண்டு உடைந்து விழுந்தது. உடைந்த இடம் முழுக்கச் சிவப்பு.

சிரிப்பு நின்றுவிட்டது. படகுக்காரரின் மகன் அந்தத் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தான். அவருடைய மனைவி குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு போவலன்னா கடல் எங்கயும் ஓடிப்போவாது," என்று சொல்லிவிட்டு, எங்களுக்குச் சோறு போட உள்ளே போனார். அன்றைக்குச் சாப்பிட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை நான் இன்னும் மறக்கவில்லை. கடலுக்குப் போகவிருந்த மூன்று பேரும் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குப் போதாமல் மறுபடி சோறு வாங்கிக்கொண்டேன்.

பட்டறையில் அதே அளவுக்கு ஒரு பழைய காத்தாடி இருந்தது. அதைச் சரிசெய்து, பெயிண்ட் இல்லாத ஜிங்க்கோடு மறுநாளே கொண்டுவருவதாக மாமா சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினி கோட்டுடா அடிச்ச?"

"மூணு, மாமா."

"நல்லாத்தான் அடிச்சிருக்குற," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கடலோரத்தில் அவருக்குப் பெயிண்ட் மேஸ்திரி என்று பேர். காத்தாடியைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் இதற்கு என்ன கலர் என்று கேட்பார்கள். மாமா ஒருவரிடம்கூட என் பக்கம் கை நீட்டவில்லை. செய்யாத தப்பை ஒருவர் ஏன் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மாமா கொஞ்சம் விவரம் இல்லாதவர் போலிருக்கிறது, நம் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

குப்பத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, மாமா எழுந்திருப்பதற்கு முன் நான் மட்டும் பட்டறையைத் திறந்தேன். இன்னொரு ஜிங்க் கட்டி செய்தித்தாளுக்குள் அப்படியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று கோட்டும் போய், அது பழையபடி அழுக்குச் சாம்பல் நிறமாகிற வரைக்கும் தேய்த்தேன். பிறகு மூலையில் போடாமல், பளபளக்கிற குத்துவிளக்குகளைக் கொஞ்சம் தள்ளி, நடுவில் வைத்தேன்.