சிவப்புக் கொடிக்காரரின் ஷூ

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘வேன்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் வேனும் கிடையாது, அவருக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. அவர் தையல்காரர். இந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் என் கூடப்பிறந்த தம்பி.

ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருடத்துக்கு ஒருமுறை ஓட்டப்பந்தயம் நடக்கும். அணையில் தொடங்கி, கரையோரமாகவே சுற்றி, மறுபடி அணைக்கே வந்து சேர வேண்டும். கரையோரம் என்றதும் காற்று வாங்கிக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி வழி சேறு, மீதி வழி பாறை, நடுவில் ஏறி இறங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும் ஒரு குன்று. எல்லோருக்கும் பின்னால் சிவப்புக் கொடியோடு ஒருவர் ஓடி வருவார். அவர் யாரை முந்துகிறாரோ அவருடைய பந்தயம் அதோடு முடிந்தது. பக்கத்துச் சாலையில் வரும் வேனில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கொடிக்காரர் வந்து சேர்ந்ததும் அணைக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

என்னவர் போன இரண்டு தடவையும் வேனில்தான் வந்து இறங்கினார். ஓடத் தெம்பில்லாமல் இல்லை. முதல் தடவை யாரோ ஒருவருடைய பை வார் அறுந்துவிட்டது என்று உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். அடுத்த தடவை, முள்ளில் மாட்டிக் கிழிந்த ஒரு பெண்ணின் ஜாக்கெட். கிழிசலைக் கண்டால் இவருக்குக் கை அரிக்கும். மற்றவர்கள் இடுப்புப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். இவர் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு ஓடுவார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

“இந்தத் தடவையும் வேன்ல வந்தேன்னா ஓட்டத்தையே விட்டுடறேன்” என்று இந்த வருடம் அவரே சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சேறு படிந்த சாக்ஸைத் துவைக்கிறவள் நான்தானே. ஆனால் வந்தது பயம். ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்த மனிதர் எப்படி இருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். நாள் முழுக்க மெஷின் முன்னால் கூனிக் கிடந்துவிட்டு வருவார். சாப்பிட உட்கார்ந்தால் உப்பில் குற்றம், படுத்தால் தலையணையில் குற்றம். இப்போது இஸ்திரி போடும்போது பாடுகிறார். பாட்டு சகிக்காது, அது வேறு விஷயம். அந்தப் பழைய சிடுமூஞ்சியோடு இன்னொரு முறை குடித்தனம் நடத்த என்னால் ஆகாது.

அதனால் பந்தயத்தன்று காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இடுப்புப் பையிலிருந்த ஊசியையும் நூலையும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தொப்பியை உதறினேன், சாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். சட்டையிலிருந்த நம்பர் துணியை மட்டும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் அதைப் பின் குத்தி மாட்டுவார்கள். தையல்காரன் பின் குத்துவதா என்று இவர் சுற்றிலும் தைத்திருந்தார்.

நானும் தம்பியும் அணைக் கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம், பாறைகள் நிறைந்த கடைசி வளைவு அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

“அக்கா, வேன்ல எனக்கும் ஒரு சீட் சொல்லி வைக்கவா?”

“வாயை மூடிட்டு நில்லு.”

கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் குறைந்து, ஒருவர் இருவராக வந்து, அதுவும் நின்றுபோன பிறகு வளைவில் என்னவர் தலை தெரிந்தது. பின்னால், நல்ல தூரத்தில் சிவப்புக் கொடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி நின்றது. கொடிக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். ஷூவின் மேல்துணி பக்கவாட்டில் கிழிந்து விரலெல்லாம் வெளியே வந்துவிட்டதாம். எனக்கு வயிறு குளிர்ந்தது. இனி இவர் ஆடி அசைந்து வந்தாலும் போதும்.

“திரும்பாதீங்க, திரும்பாதீங்க” என்று முணுமுணுத்தேன். திரும்பினார்.

“அக்கா, மாமா பின்னாடி போறாரு.”

“எனக்கும் கண்ணு இருக்கு.”

“ஊசியத்தான் நீ எடுத்துட்டியே. போய் என்ன பண்ணப் போறாரு?”

அவர் கொடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்பருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ உருவினார். தைத்து முடித்த ஊசியை அங்கேயே குத்தி வைத்திருந்தாராம், படுபாவி. நூலுக்கு நம்பரின் தையலையே பிரித்தாராம். நான் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தன்னைத் துரத்துகிறவருக்கே ஷூவைத் தைத்துக் கொடுக்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் தினமும் பார்க்கிறேன்.

தைத்து முடித்தார், இருவரும் கை குலுக்கினார்கள். கொடிக்காரருக்கு நன்றி என்று ஒன்று இருந்தால் மெதுவாக நடந்து வந்திருக்க மாட்டாரா? கடமை தவறாத மனிதர். இவரைக் கொஞ்சம் முன்னால் விட்டதோடு சரி. கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். என்னவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். பாதியில் நம்பர் பிய்த்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. அணை மேல் ஏறும்போது கொடி இவர் தோளை உரசுகிற மாதிரி வந்துவிட்டது. “மாமா, விடாதீங்க” என்று என் தம்பி தொண்டை கிழியக் கத்தினான். அந்த ஒரு கத்தலுக்காக அவனுடைய பழைய பேச்சையெல்லாம் மன்னித்தேன். இவர் கேட்டுக்குள் வந்து விழுந்தார். கொடி இரண்டாவதாகத்தான் வந்தது.

மெடல் கொடுக்கும் மேஜையில் இருந்தவர், “நம்பர் எங்க சார்?” என்றார்.

“தண்ணியில.”

“நம்பர் இல்லாம எப்படிக் கணக்குல எடுக்கறது?”

மூச்சு வாங்கிக்கொண்டே கொடிக்காரர் சொன்னார், “எனக்கு முன்னாடி வந்தாரு. அவ்வளவுதானே ரூல்? மெடலைக் குடுங்க.”

நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். “அவரு துரத்துவாருன்னு தெரிஞ்சுமா தைச்சுக் குடுத்தீங்க?”

“வெறுங்காலோட பாறையில எப்படி வருவாரு?”

“அப்புறம் எதுக்கு அப்படிப் பேய் துரத்தின மாதிரி ஓடி வந்தீங்க?”

“என் தையல் பிரியாதே. அந்தப் பயம்தான்” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மெடலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நாடாவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. கை சட்டையைத் தடவியது. ஊசி கொடிக்காரரின் ஷூவிலேயே உடைந்துவிட்டதாம், அது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கும். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

கைப்பையைத் திறந்து, காலையில் திருடிய ஊசியில் நானே நூல் கோத்துக் கொடுத்தேன்.