செவ்வந்தி செய்த பக்கம்

கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போன பெண்களை ஏற்றி வந்த குட்டியானை லோடு வண்டி தியாகதுருகத்துக்கு வெளியே கவிழ்ந்ததில் செவ்வந்தியின் வலது கால் முறிந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "இனிமே குனிஞ்சி நிமிர்ற வேலைக்குப் போவாத" என்றார் டாக்டர். அவள் தெருவில் குனிந்து நிமிராத வேலை என்று ஒன்று யாருக்கும் இருந்ததில்லை. வரலாற்றில் பி.ஏ. முடித்தும் வேறு வேலை கிடைக்காமல் அம்மா சாலம்மாளோடு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், இருபத்தேழு வயதில் வீட்டுக்குள் முடங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் போனுக்கு அந்த விளம்பரம் வந்தது. வெப் டிசைன், தொடக்க நிலை, ஆன்லைன் வகுப்பு, தமிழிலேயே, இலவசம். ஆதார் நகலும் போட்டோவும் அனுப்பினால் போதும். வீட்டுப் பின்னால் வேப்பமரத்தடியில் எடுத்த போட்டோவைச் சேர்த்து அனுப்பினாள். தம்பி இளவரசனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. தூசி தட்டிச் சார்ஜ் போட்டதும் முனகிக்கொண்டே விழித்தது. சில கீ அழுத்தினால் ஒருமுறை எழுத்து விழும், ஒருமுறை விழாது. அதுவே போதும் என்று உட்கார்ந்தாள்.

முதல் வகுப்பில் தலைப்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 'வணக்கம்' என்று எழுதி, முன்னும் பின்னும் அவர்கள் சொன்ன குறிகளைப் போட்டு, பிரவுசரில் திறந்து பார்த்தாள். வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் வணக்கம் என்று நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாலம்மாள் களைக்கொட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "இதுக்குத்தானா காலையிலேருந்து குந்திக்கினு இருக்க?" என்றாள். ஆனாலும் ரெண்டு நிமிஷம் நின்று பார்த்தாள்.

பாடம் எடுத்தவர் பெயர் செழியன். முகத்தை ஒருநாளும் காட்டியதில்லை. குரல் மட்டும்தான். பொறுமையான குரல். கேள்வி கேட்டவர்களை எல்லாம் "மேடம்", "சார்" என்பார். அச்சடித்த மாதிரி தமிழ் பேசுவார். அவர் பேசும்போது பின்னால் எப்போதும் நிறையப் பேர் பேசுவது கேட்கும். என்ன பாஷை என்று பிடிபடாது. ஒருநாள் பாடத்தின் நடுவே எங்கோ ஒருவன் அலறினான். நாற்காலி சாய்ந்த சத்தம். செழியன் நிறுத்தவே இல்லை. "அடுத்து, படத்தை எப்படி இணைப்பது என்று பார்ப்போம்" என்று தொடர்ந்தார். செவ்வந்தி மட்டும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள்.

வகுப்பில் அவளுக்குச் சிநேகிதமானவள் பாரதி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே அவள் ஊர். சிக்னலுக்காகக் கடுக்காய் மரத்தடிப் பாறையில் ஏறி உட்கார்ந்து வகுப்பைக் கேட்பாள். மழை வந்தால் அன்றைக்குப் பாடம் போச்சு. தவறியதைச் செவ்வந்தி போனில் சொல்லித் தருவாள்.

நிறம், எழுத்தளவு, பட்டன் என்று பாடம் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் செழியன் எல்லோருக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் கம்பெனி ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து, சாப்பாடு தங்கும் இடம் இலவசம் என்று வாசகமும் அவரே அனுப்பினார். செவ்வந்தி நான்கு நாள் உட்கார்ந்தாள். நாற்றங்கால் பச்சையைப் பின்னணிக்குத் தேடித் தேடிப் போட்டாள். கீழே பெயர், வயது, போன் நம்பர் நிரப்பக் கட்டங்கள். அதற்கும் கீழே ஒரு பட்டன்.

"சார், பட்டனை அழுத்துனா அவங்க குடுக்கற வெவரம்லாம் எங்க போவும்?" என்று கேட்டாள்.

"அது அடுத்த நிலை மேடம். நீங்கள் அழகை மட்டும் கவனியுங்கள்."

சர்வரில் ஏற்றுவதற்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தார். ஏற்றினாள். வகுப்பிலேயே சிறந்த பக்கம் அவளுடையதுதான் என்று பாராட்டினார். அன்று முழுக்க அவளுக்குக் கால் வலியே தெரியவில்லை.

அடுத்த மாதம் பாரதி கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "எங்க கொழுந்தன் தமிழழகன் தாய்லாந்துக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னு போனான் செவ்வந்தி. எறங்கிட்டேன்னு பேசினான். அப்புறம் ஒரு ஆத்தத் தாண்டி இட்டுக்கினு போறாங்கன்னான். அதோட போன் ஆஃப்."

"எப்படிப் போனான்? ஏஜென்ட்டு யாரு?"

"ஏஜென்ட்டுலாம் கெடையாது. போன்ல ஏதோ வந்துது, அதுல பேரு குடுத்தானாம்."

அதைச் செவ்வந்தி மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதே வாரம், லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இளவரசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், போனை அவள் முன்னால் நீட்டினான். "க்கா, இத பாரு. பேரு குடுத்துட்டேன், பேசிட்டாங்க. எலவனாசூர்கோட்டை பசங்க ரெண்டு பேரும் வரானுங்க. அடுத்த வாரம் டிக்கெட்."

நாற்றங்கால் பச்சை. பட்டனில் 'விண்ணப்பிக்க' என்பது 'ப்' இல்லாமல் 'விண்ணபிக்க' என்றிருந்தது. அந்த லேப்டாப்பில் சரியாக விழாத எழுத்து. மேலே மட்டும் யாரோ ஒரு கம்பெனிப் பெயரை வைத்திருந்தார்கள். அவள் செய்த பக்கம்தான்.

"நீ போவக்கூடாது" என்றாள்.

"உனக்கு இன்னா ஆச்சி?" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனான் தம்பி.

அவள் செழியனைக் கூப்பிட்டாள். வகுப்பில்லாத நேரத்தில் அவர் எடுப்பதில்லை. அன்றைக்கு எடுத்தார்.

"சார், எந்தம்பிக்கு ஒரு லிங்க் வந்திருக்கு. அது நான் செஞ்ச பக்கம். பயிற்சின்னுதானே சொன்னீங்க? அதுல ஆளுங்க பேரு குடுத்துக்கினு இருக்காங்க."

மறுமுனையில் நடக்கும் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது; பின்னால் இருந்த பேச்சு அடங்கியது.

"உங்க தம்பி பேரு குடுத்துட்டானா?" என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"குடுத்துட்டான். அடுத்த வாரம் கெளம்பறான்."

"வுடாதீங்க."

"இன்னா சார் சொல்றீங்க?"

"வுடாதீங்க அவன. பாஸ்போர்ட்ட ஒளிச்சி வைங்க, இன்னா வேணா செய்ங்க. நானும் இந்த மாதிரி ஒரு லிங்க்க பாத்துட்டு வந்தவன்தான். எனக்கு மணலூர்பேட்டை. சார்னு கூப்புடாதீங்க. எங்கள இங்க அடைச்சி வச்சிருக்கானுங்க. ஆளு புடிச்சிக் குடுக்கலன்னா அடி. வந்தவன் யாரும் வூட்டுக்குப் போனதில்ல."

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மறுபடியும் பழைய செழியன் பேசினார். "ஆமாம் மேடம். உங்கள் பக்கத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டுதான், நான் மாற்றவில்லை. இன்றைக்கே செய்துவிடுங்கள்."

இணைப்பு அறுந்தது. அவர் என்ன செய்யச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு வேலை செய்தது. கட்டங்களை அழித்தாள், பட்டனை அழித்தாள். பச்சையை எடுத்துவிட்டு வெள்ளையாக்கினாள். முதல் நாள் கற்ற அதே தலைப்பு எழுத்தில், சிவப்பில், 'இந்த வேலைக்குப் போகாதீர்கள். போனவர்களை அடைத்து வைத்து அடிக்கிறார்கள்' என்று எழுதினாள். தமிழழகனின் படத்தைப் போடலாமா என்று விஷயம் தெரிந்த பாரதி போனில் கேட்டாள். வேண்டாம் என்றாள் செவ்வந்தி. அங்கே அவனை அடையாளம் கண்டு என்ன செய்வார்களோ. ஏற்றி முடித்து, "இப்ப தொறந்து பாரு" என்று தம்பியிடம் சொன்னாள். இளவரசன் பார்த்தான். சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எலவனாசூர்கோட்டைப் பையன்களுக்குப் போன் போட்டான்.

பொழுது சாயும் வரைக்கும் அந்தப் பக்கம் நின்றது. பிறகு திறந்தால் ஒன்றுமே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில், ப்ளஸ் போட்ட ஏதோ ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வேறு ஆள். "செவ்வந்தி. தியாகதுருகம். வூட்டுப் பின்னால வேப்பமரம். ஆதார் நம்பர் சொல்லட்டுமா?" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சாலம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"எவன்டா நீ? தைரியம் இருந்தா நேர்ல வாடா."

அவன் சிரித்தான். "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவங்க சார் இனிமே கிளாஸ் எடுக்க மாட்டாரு."

அன்றிலிருந்து வகுப்பும் இல்லை, வகுப்பின் வாட்ஸப் குரூப்பும் இல்லை. தெருவில் புது வண்டி நின்றால் செவ்வந்தி ஜன்னலைச் சாத்தினாள். ஆனால் பயத்தைவிட வேறொன்று அவளை அரித்தது. எழுதியது அவள். பாஸ்வேர்டு கொடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

அவளும் தம்பியும் அவன் பைக்கில் மணலூர்பேட்டைக்குப் போனார்கள். செழியன் என்று யாரும் அங்கே இல்லை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் என்று விசாரித்ததில், பெண்ணையாற்றுப் பக்கம் ஒரு கல்நார் கூரை வீட்டைக் காட்டினார்கள். அவன் நிஜப் பெயர் அஜித்குமார். அம்மா கலையரசி கரும்பு வெட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"எம்புள்ள உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தானா?" என்று அவள் முகம் மலர்ந்தது. "அவனுக்கு எது தெரிஞ்சாலும் நாலு பேருக்குச் சொல்லிடுவான்."

செவ்வந்தி சொல்ல வந்ததைச் சொன்னாள். கலையரசி அரிவாளைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

மறுநாள் பாரதி மலையிலிருந்து இறங்கி வந்தாள். அவளும் செவ்வந்தியும் கலையரசியும் கள்ளக்குறிச்சியில் எஸ்.பி. ஆபீஸ் வாசலில் காத்திருந்து மனு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்கள். தூதரகத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். மாதங்கள் போயின. ஒருநாள் பாரதிக்குச் சேதி வந்தது: தாய்லாந்து எல்லையில் மீட்டவர்களை விமானத்தில் அனுப்புகிறார்கள், அதில் தமிழழகன் இருக்கிறான். அஜித்குமார் பெயர் இல்லை.

செவ்வந்தி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, பாதி வழி நொண்டிக்கொண்டே நடந்து அவனைப் பார்க்கப் போனாள். தமிழழகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. யாராவது சத்தமாகப் பேசினால் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான்.

"மணலூர்பேட்டை அண்ணன தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தமிழழகன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான். "ஏதோ பக்கம் மாறிப்போச்சின்னு எங்க எல்லாரையும் ஹால்ல நிக்க வச்சாங்க. யாரு பாஸ்வேர்டு குடுத்ததுன்னு கேட்டு ஒவ்வொருத்தனா அடிச்சாங்க. மூணாவது ஆள அடிக்கறப்ப அந்த அண்ணன் நான்தான்னு கைய தூக்கிட்டாரு. பின்னாடி கட்டடத்துக்கு இட்டுக்கினு போனாங்க. அங்கேருந்து யாரும் திரும்பி வந்து நான் பாக்கல."

திரும்பும்போது செவ்வந்தி வீட்டுக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் வண்டி மாறி, தியாகதுருகம் தாண்டி, மணலூர்பேட்டையில் போய் இறங்கினாள். கலையரசி வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். விமானம் வந்த சேதி அவளுக்கும் எட்டியிருந்தது.

"அந்தப் பையன பாத்தியாம்மா? எம்புள்ளய பத்தி இன்னா சொன்னான்?"

"உள்ள போயி உக்காரலாம் வாங்கம்மா" என்றாள் செவ்வந்தி. கலையரசி அசையவில்லை. செவ்வந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே வெயிலில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினாள்.