மூன்று நாள் மஞ்சள்

மகளின் புண்ணுக்குக் காரணம் அவள் கையில் நான் பூசிய மஞ்சளா, அவர்கள் போட்ட ஊசியா? எட்டு மாதமாக இதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் கடல் கடந்து வந்தவர்களுக்கும் இந்தப் பத்திரிகை வழியாக இதை எழுதுகிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, இராயபுரத்தில் குடியிருக்கிறோம். இங்கும் தமிழ்தானே என்று நம்பிக் கப்பலேறியவள் நான்.

பக்கத்து வீட்டு மனிதர் இரத்தமாய் இருமி இருமிச் செத்ததைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டேன். அதனால், பள்ளிக்கூடத்தில் காசநோய்த் தடுப்பூசி என்றதும் ஆறு வயது மலரை முதல் ஆளாகக் கொண்டுபோனேன். அன்று முன்கையில் சோதனை ஊசி மட்டும். அந்த இடம் சிவந்து வீங்கினால் கிருமி ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, தடுப்பூசி போடமாட்டார்கள். ஊசி போட்ட நர்ஸுடன் வந்திருந்த ஆயா சொன்னாள்: “மூணு நாள் கயிச்சி இட்டுகினு வா.”

‘கயிச்சி’ என்றது கழித்து என்று ஊகித்தேன்; ஆனால் நான் படித்த தமிழில் இடுவதென்றால் பூசுவது. எதை என்று கேட்க வெட்கம். சோதனை ஊசி போட்ட இடத்தில் மூன்று நாளும் மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

“இன்னாம்மா, கல்யாணப் பொண்ணா இது?” என்று, மறுபடி பள்ளிக்கூடம் போனபோது ஆயா சிரித்தாள். நர்ஸ் மஞ்சளைத் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்து, சிவப்பில்லை என்று தோளில் ஊசி போட்டாள். சில வாரங்களில் அக்குளில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டியது. பிறகு பழுத்து உடைந்தது. இன்னும் கசிகிறது.

எதிர்வீட்டில் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஐய்ய! இட்டுகினு வான்னா புள்ளைய கூட்டிகினு வான்றது. நீ இன்னாத்த இட்டே?” சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “வுடும்மா. எம் புள்ளைக்கும் அதே ஊசிதான். தழும்பு மட்டுந்தான் கீது.” ஆறுதலாகத்தான் சொன்னாள்.

டொக்டர், “நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் அபூர்வமா இப்படி ஆகும். மெதுவா ஆறிடும்” என்றார்.

“நான் மஞ்சள் பூசினனான், டொக்டர்.”

“மஞ்சளெல்லாம் வேணாம்மா. சுத்தமான துணி கட்டுங்க.”

நான் அன்றைய மஞ்சளைக் கேட்டேன். அவர் இன்றைய புண்ணுக்குப் பதில் சொன்னார். அந்த மஞ்சள்தான் சிவப்பை மறைத்ததோ என்று மறுபடி கேட்க வாய் வரவில்லை.

துணி மாற்றும்போது மலர் “நோவுதும்மா” என்கிறாள். நாங்கள் ‘நோகுது’ என்போம். ஓர் எழுத்துத்தான் வேறு. அந்த எழுத்தில் அவள் இந்தத் தெருப் பிள்ளையாகிவிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடி ஊசி போட வருகிறார்கள். சுவருக்கு அப்பால் இப்போது செத்தவரின் மனைவி இருமுகிறாள். எனக்கு இரண்டு வயதில் மகனும் இருக்கிறான். அவனை இட்டுக்கொண்டு போகவா, வேண்டாமா? பிள்ளைக்கு இந்த ஊசி போட்டவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.