அடோயோ ஏறிய கூரை

கணவன் போனபின் ஒரு வீடு யாருடையதாகிறது? ஏரிக்கரையில் மீன் உலர்த்திப் பிழைத்த அடோயோவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வழக்கம் பதிலை முன்பே வைத்திருந்தது. இறந்தவனின் நாற்காலியில் அவன் தம்பி வந்து உட்கார்ந்தால் வீடும் நிலமும் விதவையும் அவனைச் சேரும். அதுவரை அவள் கூரையில் எந்த ஆணும் கைவைக்க மாட்டான். பெண் ஏறினாலோ, சாபம் பிள்ளைகள் தலையில் விடியும்.

படகு கவிழ்ந்து கணவன் இறந்து இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தாள். அதற்குள் கூரைப் புல் மக்கி, படுக்கைக்கு மேலே வானம் தெரிந்தது. சின்ன மகளுக்கு இருமல் நிற்கவில்லை. கொழுந்தன் ஓகுத்தா வாசலில் வந்து நின்றான். கெட்டவன் அல்லன், வழக்கத்தைத் தாண்டி யோசித்துப் பழகாதவன். அவளைப் பிறந்த ஊர் சொல்லி அழைத்தான்.

“அசெம்போ ஊர் மகளே, எனக்கொண்ணும் அவசரமில்ல. மழைக்குத்தான் அவசரம்.”

“நாற்காலி நனையாமத்தான் இருக்கு, தம்பி. நீங்களும் நனையாம வீடு போய்ச் சேருங்க.”

மறுநாள் பட்டப்பகலில் புல்கட்டோடு ஏணியில் ஏறினாள். ஓகுத்தாவின் மனைவி அசோலா வேலியோரம் நின்று, மழையே இந்த ஊரைவிட்டு ஓடிவிடும் என்றாள்.

“ஓடட்டும் அசோலா. நான் கட்டி முடிக்கிறவரைக்கும் வராம இருந்தாப் போதும்.”

முறை தெரியாமல் உச்சியிலிருந்து கட்டியதால் பாதி சரிந்தது. கீழே ஆண்கள் சிரித்தார்கள். அவிழ்த்துவிட்டுக் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

கொஞ்சகாலம் யாரும் அவளிடம் மீன் வாங்கவில்லை. இருமல் நீடித்தபோது அவளும் சாபத்தை நம்பினாள். கொழுந்தனுக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு இருமல் நின்றது. கூரையாலா வெயிலாலா, தெரியாது. மற்ற விதவைகள் ஏணியை இரவல் கேட்டு வந்தார்கள், அவள் இல்லையென்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஊர் மாறியது. அதற்குமேல் இல்லை.

பல வருடம் கழித்து, முழங்கால் தேய்ந்த ஓகுத்தா மழைக்கு அவள் வாசலில் ஒதுங்கினான். உள்ளே கூப்பிட்டாள். அவள் பிள்ளைகள்கூட உட்காராத அந்த நாற்காலியைத் துடைத்து அவன் முன்னால் இழுத்துப் போட்டாள். அவன் வெகுநேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தான். மழை விட்டதும் எழுந்து தன் வீட்டுக்குப் போனான்; இந்த வீடும் நிலமும் அவளிடமே இருந்தன.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அசோலா பலமுறை கேட்டாள். அடோயோ மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.