அந்தோனிப்பிள்ளைக்காகக் கொட்டிலைப் பூட்டியவர்களுக்கு

அந்தோனிப்பிள்ளை இறந்த செய்தியை நானே வாசித்து அறிந்தேன். புதன்கிழமை காலை நாரந்தனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, மதிலில் அவர் படம் ஒட்டியிருந்தது. எழுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆகவே அவர் எனக்கு மெதுவாகத்தான் இறந்தார். பெயர் முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வரியில் கோபம் வந்தது. ‘அலைகளை வென்ற பாய்ப்படகு வீரர்’ என்று போட்டிருந்தார்கள்.

எந்த அலையை வென்றார்? படகில் ஏறினால் கரை மறையுமுன் வாந்தி எடுப்பார். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். வாடைக்காற்றும் மழையுமாகக் கடலில் இறங்க முடியாத சனிக்கிழமைகளில், நம் பாய்ப்படகுக் கழகத்துப் படகைக் கொட்டிலுக்குள் ஏற்றி, ஆணி ஆணியாகப் பார்ப்பதுதான் அவர் வேலை. “மழை எங்களுக்குத்தான் லீவு, படகுக்கு இல்லை” என்பார்.

கொட்டில் சுவரில் ஒரு தாள் தொங்கும். கயிறு, பாய், சுக்கான் என்று வரிசையாக இருக்கும். எதை யார் பார்த்தாரோ, அவர் தன் கையால் அதற்கு நேரே பெயர் எழுத வேண்டும். ஒரு மழைநாள் நான் சுக்கானைப் பார்த்து முடித்துவிட்டு, “எனக்குப் பதிலா நீர் எழுதிவிடும்” என்றேன்.

“நான் பார்க்கேல்லையே.”

“நான் பார்த்தனான்தானே, ஓய்!”

“அப்ப நீரே எழுதும். ஏலாட்டி நான் இன்னொருக்காப் பார்க்கவேணும். என்ர முழங்காலையும் கொஞ்சம் யோசியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முழங்காலில் நின்று முழுவதையும் மறுபடி பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. அந்த ரோசத்தில்தான் கோயில் மண்டபத்து முதியோர் வகுப்புக்குப் போனேன். அடுத்த மாரிமழைக் காலத்தில் சுக்கானுக்கு நேரே ‘செபமாலை’ என்று எழுதினேன். நான்கே எழுத்து. அவர் கிட்டப் போய் வாசித்தார். “காணும், ஓய், இது போதும்” என்றார். அன்று அவர் சுக்கானைப் பார்க்கவே இல்லை. மழைக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சனிக்கிழமை விடாத மழை. கொட்டிலில் பூட்டு, கதவில் ஓர் அறிவித்தல். ‘அமரரின் நினைவாக இன்று பராமரிப்பு வேலை இல்லை.’ அதையும் வாசித்தேன். எழுத்துப் படித்ததற்காக முதல்முறை வருந்தினேன். கழகத் தலைவரின் வீட்டுக்குப் போனேன்.

“செபமாலை அண்ணை, செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?”

“மழை விட்டா நாளைக்குப் புதுப் பிள்ளையள் அந்தப் படகில ஏறுவினமோ?”

“ஓம். போன கிழமை பார்த்ததுதானே.”

“ஆர் பார்த்தது? போன கிழமை அவர் ஆஸ்பத்திரியில கிடந்தவர். தாளில ஒரு பெயரும் இல்லை. திறப்பைத் தாரும் தம்பி.”

திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்து, படகைத் தனியாகப் பார்த்தேன். சுக்கானைத் தாங்கும் ஆணி துருவேறிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. நான் பெயர் எழுதவில்லை. ஞாயிறு நல்ல வெயில். படகு இறங்கவில்லை. “ஒரு ஆணிக்காகக் கிழடு நாளைக் கெடுத்துப்போட்டுது” என்று சிலர் முணுமுணுத்தீர்கள். முணுமுணுங்கள்.

அவரை அறிந்தவர்களே, மாலை போட்டீர்கள், பேசினீர்கள், அழுதீர்கள். நல்லது. அவருடைய மழைச் சனிக்கிழமைகளை நான் எடுத்துக்கொண்டேன். திறப்பை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.